ஹலாரிக் கழுதையின் கணக்கு பொலியில் இருக்கிறது

2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஏறத்தாழ 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019-இல் எடுத்த 20-ஆவது கணக்கெடுப்பில் 1.2 லட்சம்தான். இடைப்பட்ட காலத்தில் 61 சதவீதம் போய்விட்டது. தேய்வதற்கு உவமையாக நாம் சொல்லிவந்த பழமொழி இன்று கழுதைக்கே பொருந்துகிறது.

ஆனால் இந்த மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னொரு இழப்பு கண்ணில் படாது. நாட்டில் ஒரு லட்சம் கழுதை இருக்கும்போதே ஓர் இனம் அழிந்துபோகலாம். செங்கல் சூளையில் கழுதை இருக்கும், சந்தையில் இருக்கும், ஆனால் ஹலாரி என்று சொல்ல ஒன்றும் இருக்காது. முதலில் பதிவு பெற்ற இந்தியக் கழுதை இனங்கள் மூன்று: இமாசலத்தின் ஸ்பிதி, குஜராத்தின் ஹலாரி, கச்சி. பதிவு செய்வது ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம். பதிவு என்பது ஒரு பெயரும் ஓர் எண்ணும்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை பொலிகள், அதாவது இனப்பெருக்கத்துக்கு நிறுத்திய ஆண்கழுதைகள், உண்மையில் இணை சேர்கின்றன என்பதைப் பதிவேடு சொல்லாது.

ஹலாரியை எடுத்துக்கொள்வோம். சௌராஷ்டிரத்தின் மேற்கில் ஜாம்நகர், தேவபூமி துவாரகை மாவட்டங்களைச் சேர்ந்த பகுதிக்கு ஹாலார் என்று பழைய பெயர். அந்த மண்ணின் கழுதை இது. உடல் வெள்ளை, மூக்கு முனையும் குளம்பும் கறுப்பு. தோள்பட்டை உச்சியில் அளந்தால் ஏறக்குறைய 107, 108 செ.மீ. உயரம். பக்கத்துக் கச்சியை விடப் பெரிது. ஆட்டு மந்தையோடு மாதக்கணக்கில் நடக்கும் பரவாடு, ரபாரி மக்களின் பாத்திரம், கட்டில், படுக்கை, நடக்க முடியாத இளங்குட்டிகள் எல்லாம் இதன் முதுகில்தான் போகும். கச்சிக்கு அதோடு இன்னொரு வேலையும் உண்டு: பயிர் வரிசைகளுக்கு நடுவே களை எடுக்கும் கருவியை இழுப்பது. ஸ்பிதி உருவத்தில் சிறியது. 3,500 மீட்டருக்கு மேல், குளிரிலும் மெல்லிய காற்றிலும் விறகும் எருவும் சுமக்கிறது.

ஹலாரி 2015-இல் 1,112 இருந்தது, 2020-இல் 662 ஆகிவிட்டது என்பது களக் கணக்கு. காரணம் சிக்கலானதல்ல. மேய்ச்சல் நிலம் சுருங்கியது, மந்தைகளின் நடை குறைந்தது, சாமானை ஏற்ற டெம்போ வந்தது. சுமை இல்லாத வீட்டில் பெட்டையையாவது வைத்துக்கொள்வார்கள். ஆண்கழுதை கடிக்கும், கத்தும், மற்ற ஆணோடு சண்டை போடும், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். முதலில் விற்கப்படுவது அதுதான். எண்ணிக்கை பாதியாகும்போது பொலிகள் கால்வாசி ஆகிவிடுவது இதனால்தான் எளிதாக நடக்கிறது.

பொலி குறைந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். இனப்பெருக்கத்தில் பங்கேற்கும் ஆண்களின் எண்ணிக்கையையும் பெட்டைகளின் எண்ணிக்கையையும் பெருக்குங்கள். அதை 4-ஆல் பெருக்குங்கள். வந்ததை ஆண், பெட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். கிடைப்பது பயனுறு எண்ணிக்கை. மரபணு இழப்பின் வேகம் தலைக்கணக்கைப் பொறுத்ததல்ல, இந்த எண்ணைப் பொறுத்தது. 1-ஐ இதன் இரு மடங்கால் வகுத்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் ரத்த உறவுச் சேர்க்கை எவ்வளவு கூடும் என்று தெரியும்.

200 பெட்டைகளுக்கு 4 பொலி என்றால் பயனுறு எண்ணிக்கை 15.7. தலைமுறைக்கு 3 சதவீதத்துக்கு மேல் உறவுச் சேர்க்கை கூடும். 10 பொலி இருந்தால் 38, கூடுவது 1.3 சதவீதம். 14 பொலி இருந்தால்தான் 52 ஆகி, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு கீழ்வரம்பாகச் சொல்லும் 50-ஐத் தாண்டும். இப்போது மறுபக்கம் பாருங்கள். பொலி 4-ஆகவே இருக்க, பெட்டைகளை மட்டும் 200-இலிருந்து 2,000 ஆக்கினால்? 16-ஐக்கூட எட்டாது. பெட்டையை எவ்வளவு கூட்டினாலும் பொலியின் எண்ணிக்கையைப் போல் நான்கு மடங்குக்கு மேல் அந்த எண் போகாது. கழுதைப் பண்ணைக்கு மானியம் கொடுத்தால் இனம் பிழைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கும் எல்லாப் பொலியும் சமமாகக் குட்டி தருகின்றன என்று வைத்துக்கொண்டுதான். மந்தையில் அப்படி நடக்காது. பலசாலியான ஒன்று மற்றவற்றை விரட்டிவிட்டு முக்கால்வாசிப் பெட்டைகளைத் தானே சேரும். ஏட்டில் 14 பொலி இருக்கும், வேலை செய்தது 5 ஆக இருக்கும். மாறாக, ஒவ்வொரு பொலிக்கும் வாரிசாக ஒரே ஒரு மகன், ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரே ஒரு மகள் என்று நாமே தேர்ந்து நிறுத்தினால் பயனுறு எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். ஒரு பைசா செலவில்லாத வழி இது. ஆனால் அழகான, பெரிய பொலியின் மகன்களையே எல்லோரும் கேட்பார்கள். சுமாரான பொலியின் மகனையும் நிறுத்தி வைக்க வேண்டும் என்று உரிமையாளர்களுக்குப் புரிய வைப்பதுதான் இதில் பெரிய வேலை.

ஊர்களை வட்டமாக இணைத்துப் பொலியைச் சுழற்றுவது களத்தில் நடத்தக்கூடிய முறை. ஐந்து ஊர்க் குழுக்கள், குழுவுக்கு மூன்று பொலி, ஆக 15. முதல் ஊரின் பொலிகள் இரண்டாம் ஊருக்கு, இரண்டாம் ஊருடையவை மூன்றாம் ஊருக்கு, ஐந்தாவதுடையவை முதல் ஊருக்கு. பெட்டைகளும் அவற்றின் மகள்களும் ஊரை விட்டு நகர வேண்டியதில்லை. மேய்ச்சல்காரர் பெட்டையைக் கொடுக்கமாட்டார், பொலியைக் கொடுக்கத் தயங்கமாட்டார் என்பதால் இது நடக்கும்.

இதில் தவறுவது காலக்கணக்கு. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்றினால் போதும் என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். பொலி ஊருக்கு வந்த நாளிலிருந்து எண்ணுங்கள். கழுதையின் சினைக்காலம் ஏறக்குறைய 12 மாதம், சிலது 12 மாதத்தைத் தாண்டி ஒன்றிரண்டு வாரமும் போகும். ஆக முதல் குட்டிகள் 12-ஆவது மாதம். நல்ல தீனி கிடைத்த பெட்டைக்குட்டி ஒரு வயதை ஒட்டியே பருவத்துக்கு வந்துவிடலாம். அது 24-ஆவது மாதம். மூன்று ஆண்டு காத்திருந்தால் தகப்பனே மகளைச் சினையாக்கும் வாய்ப்பு ஓர் ஆண்டு முழுக்கத் திறந்து கிடக்கிறது. எனவே 24 மாதத்துக்குள் மாற்றுங்கள். மாற்ற முடியாத ஊரில் பெட்டைக்குட்டிகளைத் தனியே கட்டுங்கள். மூன்று வயதுக்கு முன் அவற்றைச் சினைப்படுத்துவது எப்படியும் நல்லதல்ல, இடுப்பெலும்பு முற்றியிருக்காது.

சேர்க்கையைக் கண் முன்னே நடத்தினால் தகப்பன் யார் என்ற ஐயமே வராது. பெட்டையின் பருவச் சுழற்சி 23, 24 நாள். அதில் 6 முதல் 9 நாள் வரை பொலியை ஏற்கும். அறிகுறி தெளிவாகத் தெரியும். கழுத்தை நீட்டி, காதைப் பின்னால் சாய்த்து, வாயைச் சப்புக்கொட்டுவதுபோல் திறந்து திறந்து மூடும், எச்சில் வழியும். பருவத்தின் மூன்றாம் நாளிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் பொலியிடம் விடலாம். பொலி குதிரையைப் போல் உடனே தயாராகாது. நெருங்கும், விலகிப் போய் நிற்கும், சாணத்தை மோப்பம் பிடிக்கும், திரும்பி வரும். கால் மணி முதல் அரை மணி நேரம்கூட ஆகலாம். இதைப் பார்த்து ‘இது உதவாது’ என்று அடித்து விரட்டுகிறவர்கள் நல்ல பொலியைக் கெடுக்கிறார்கள். குட்டி போட்ட 5 முதல் 15 நாளுக்குள் வரும் முதல் பருவத்தை விட்டுவிட்டு அடுத்ததில் சேர்ப்பது மேல். கருப்பை ஆற அந்த இடைவெளி வேண்டும்.

உறைவிந்து வைத்தால் போதுமே, பொலியை ஏன் கட்டித் தீனி போட வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். மாட்டில் சினை ஊசி கொடுத்த வெற்றியைப் பார்த்து வரும் கேள்வி இது. கழுதையில் நிலைமை வேறு. விந்து நன்றாகவே உறைகிறது. இளக்கிப் பார்த்தால் உயிரணுக்கள் நீந்துகின்றன. அதையே பெண்குதிரைக்குப் போட்டால் கோவேறு கழுதை சினைப்படுகிறது. பெட்டைக் கழுதைக்குப் போட்டால் சினைப்பிடிப்பு மிகக் குறைவு. உறையும்போது உயிரணுவைக் காக்கச் சேர்க்கும் கிளிசரால் பெட்டையின் கருப்பையில் ஒத்துப்போவதில்லை என்பதும், ஊசிக்குப் பிறகு கருப்பை உள்சுவர் கடுமையாக அழன்றுவிடுவதும் முக்கியக் காரணங்கள். கழுதையின் கருப்பை வாய் குதிரையுடையதை விட நீளமாகவும் குறுகலாகவும் இருப்பதால் குழாயைச் செலுத்துவதும் கைப்பழக்கம் கேட்கும் வேலை. குளிரூட்டிய புது விந்து இதைவிட நன்றாக வேலை செய்யும், ஆனால் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது.

அதற்காக உறைவிந்து வங்கி வேண்டாம் என்றில்லை. கட்டாயம் வேண்டும். குறைந்தது 25 உறவில்லாத பொலிகளின் விந்து திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்க வேண்டும். 25 கிடைக்காத அளவுக்கு இனம் இறங்கிய பிறகு வங்கி தொடங்கினால், இறங்கிய நிலையைத்தான் அப்படியே உறைய வைக்கிறோம். வங்கியைக் காப்பீடாக நினையுங்கள். நாளைய குட்டி இன்று மேயும் பொலியிலிருந்துதான் வரவேண்டும்.

எவ்வளவு கீழே இறங்கினாலும் மீட்கலாம் என்பதற்குப் பிரான்சின் புவாத்து இனத்தைக் காட்டுவார்கள். சடைமுடி தொங்கும் அந்தப் பெரிய கழுதைக்கு 1884-இலேயே வம்சாவளி ஏடு உண்டு. கோவேறு கழுதைச் சந்தை இருந்தவரை அதற்கு மதிப்பு இருந்தது. டிராக்டர் வந்ததும் சந்தை போயிற்று. 1977-இல் எண்ணியபோது 44 தான் மிஞ்சியிருந்தன. போர்ச்சுகலிலிருந்து பெட்டைகளை வாங்கிப் புவாத்துப் பொலிகளோடு சேர்த்து, பிறந்த பெண்குட்டிகளை மறுபடி மறுபடி புவாத்துப் பொலியோடே சேர்த்து, தலைமுறைக்குப் பாதி பாதியாக வெளி ரத்தத்தைக் குறைத்தார்கள். சுத்தமானவற்றுக்கு ஓர் ஏடு, கலப்பிலிருந்து ஏறி வருபவற்றுக்கு இன்னோர் ஏடு என்று பிரித்து எழுதினார்கள். இன்று அந்த இனம் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. ஆனால் 44-இல் இல்லாமல் போன மரபணு திரும்பி வரவில்லை, வரவும் வராது. பல பத்தாண்டு அரசுப் பணமும் ஏடும் உழைப்பும் வேண்டியிருந்தது. ஹலாரி இன்னும் நூற்றுக்கணக்கில் இருக்கும்போதே வேலையைத் தொடங்கினால் இதில் ஒரு சிறு பங்கு செலவுதான் ஆகும்.

வெள்ளை நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஹலாரி வாங்குகிறவர்கள் வெள்ளையாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். இத்தாலியின் சார்டினியாவை ஒட்டிய அசினாரா தீவிலும் வெள்ளைக் கழுதைகள் உண்டு. அவை நிறமி உண்டாகாத பிறவிக் குறையால் வெளுத்தவை, இளஞ்சிவப்புத் தோலும் வெயிலைத் தாங்காத வெளிர் கண்களும் கொண்டவை. ஹலாரியின் கருமூக்கும் கருங்குளம்பும் கருவிழியும் அதன் வெள்ளை அந்த வகையல்ல என்று காட்டுகின்றன. மூக்கு வெளுத்த, கண் வெளிறிய குட்டியை ‘இன்னும் சுத்தமான வெள்ளை’ என்று பொலியாக நிறுத்தக் கூடாது. நிறத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் நடை, சுமை தாங்கும் முதுகு, குளம்பின் உறுதி எல்லாம் கவனிப்பாரின்றிக் கைநழுவிப் போகும்.

இனிப் பால். 2020-ஐ ஒட்டி ஹலாரிப் பால் லிட்டர் 7,000 ரூபாய் என்று செய்தி பரவிய பிறகு எல்லோருக்கும் கழுதைப் பண்ணை ஆசை வந்தது. பெட்டையின் மடி சிறியது, பாலைத் தேக்கி வைக்காது. குட்டி பக்கத்தில் இல்லாவிட்டால் சுரக்கவே சுரக்காது. குட்டியை இரண்டு மூன்று மணி நேரம் கண் பார்வையில் பிரித்து வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை கறந்தாலும் ஒரு லிட்டரைத் தொடுவது அரிது. பிறந்து முதல் இரண்டு மாதம் கறக்கவே கூடாது. இந்த விதியை மீறும் இடத்தில் முதலில் மெலிவது ஆண்குட்டி. விற்றாலும் காசில்லை, பால் குடித்தால் நட்டம் என்று அதைப் பட்டினி போடுகிறார்கள். நாளைய பொலி அங்கேயே செத்துப்போகிறது.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தேசியக் கால்நடை இயக்கத்தில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் நான்கையும் சேர்த்தது. பண்ணை தொடங்க 50 சதவீத மூலதன மானியம், உச்சவரம்பு 50 லட்சம். விந்து நிலையத்துக்கும் மூல இனப் பண்ணைக்கும் தனியாக நிதி. நல்ல முடிவு. ஆனால் மானியம் வாங்கும் பண்ணை எந்த இனம், எத்தனை உறவில்லாத பொலி, ஆண்குட்டிகளுக்கு என்ன ஏற்பாடு என்று எழுதிக்கொடுக்காமல் ஒரு ரூபாயும் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குஜராத்தின் வவுதா, மகாராஷ்டிரத்தின் ஜெஜுரி போன்ற கழுதைச் சந்தைகளில் பல ஊர்க் கழுதைகள் ஒன்றாக நிற்கும். அங்கே வாங்கிய வெள்ளைக் கழுதைக்கு ஹலாரி என்று பெயர் வைப்பது எளிது.

வாங்கும்போது தாயும் தகப்பனும் எந்த மந்தை என்று உரிமையாளரிடம் கேட்டு எழுதுங்கள். ஒரே மந்தையில் ஒரு பொலியும் பத்துப் பெட்டையும் வாங்கினால் பெரும்பாலும் அண்ணன் தங்கைகளைத்தான் வாங்கியிருப்பீர்கள். வண்டி ஏற்றுமுன் கிளாண்டர்ஸ் பரிசோதனை கட்டாயம். குதிரையில் அந்நோய் நாள்பட்டு இழுக்கும், கழுதையில் வேகமாகக் கொல்லும், மனிதருக்கும் தொற்றும். நோய் உறுதியான விலங்கைச் சட்டப்படி அழித்தாக வேண்டும். பல ஊரிலிருந்து சேர்த்த காப்பு மந்தைக்குள் ஒன்று அப்படி நுழைந்தால் பல ஆண்டு உழைப்பு ஒரு வாரத்தில் போகும். எனவே தனித்தனி இடத்தில் சிறு சிறு மந்தையாக வைப்பதே நல்லது.

ஜாம்நகரிலிருந்து திருநெல்வேலி 2,000 கிலோமீட்டருக்கு மேல். கடைசி மூன்று மாதச் சினையிலோ பால் கொடுக்கும்போதோ பெட்டையை அவ்வளவு தூரம் கொண்டுவராதீர்கள். மிரண்ட கழுதை தீனியை நிறுத்தும். தீனி நின்றால் உடல் கொழுப்பு மொத்தமாக ரத்தத்தில் இறங்கி ஈரல் செயலிழக்கும். வெளியே பார்க்கச் சும்மா சோர்ந்து நிற்பதுபோல் இருக்கும், ஓரிரு நாளில் செத்துப்போகும். இணைபிரியாமல் நிற்கும் இரண்டைப் பிரித்தாலும் இதே ஆபத்து. ஏற்றினால் சேர்த்து ஏற்ற வேண்டும், இறக்கினால் சேர்த்து இறக்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பால் பண்ணைகள் சில குஜராத்திலிருந்து ஹலாரியைக் கொண்டுவந்திருக்கின்றன. நம் ஊரில் சலவைத் தொழிலாளர்களும் ஆற்று மணலும் செங்கல்லும் சுமப்பவர்களும் வைத்திருந்த கழுதை சிறியது, சாம்பல் நிறம், முதுகிலும் தோளிலும் கருங்கோடு ஓடும். அதற்கு இனப் பெயர் கிடையாது. பெயரில்லாததால் கலந்தாலும் போனாலும் கேட்க யாரும் இல்லை. இரண்டையும் ஒரே கொட்டிலில் கட்டிக் கலக்கவிட்டால் ஹலாரியும் கெடும், இன்னும் ஆராயப்படாத நம் கழுதையும் கெடும். கொட்டிலில் இரண்டு வேலி போட்டால் தீரும் விஷயம் இது.

நம் கழுதையின் மரபணு வளத்தைப் பதிவு செய்யப் பெரிய ஆய்வுக்கூடம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மாதிரி எடுத்து வைக்கலாம். பிடரியிலோ வாலிலோ 30, 40 முடியைக் கையால் பிடுங்குங்கள். கத்தரித்தால் பயனில்லை, மரபணு வேரில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும், காகித உறையில் போடுங்கள். ஒரு விலங்குக்கு ஓர் உறை, நடுவில் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஓர் உரிமையாளரிடம் இரண்டுக்கு மேல் எடுக்காமல், வேறு வேறு ஊரில் மொத்தம் 50 விலங்கு சேர்ந்தால் ஆய்வுக்குப் போதுமானது. குதிரைக்கென்று உருவாக்கிய மரபணுக் குறிகள் (உறவைக் கண்டறிய ஆய்வுக்கூடம் பார்க்கும் டி.என்.ஏ. அடையாளங்கள்) சில கழுதையில் சரியாகப் படியாது. படியாத குறி உறவுச் சேர்க்கை அதிகம் என்பதுபோன்ற பொய்யான முடிவைக் காட்டும். எனவே ஆய்வுக்கூடத்திடம் எந்தக் குறிகளைப் பயன்படுத்துகிறீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள், மை ஈரத்தில் கலையும்: ஊர், வட்டம், தேதி, ஆணா பெட்டையா, பல்லைப் பார்த்துச் சொன்ன வயது, உயரம், நிறம், தாய் எங்கே வாங்கியது, இணை சேர்ந்த பொலி யாருடையது.